சோகையின் வகை கண்ட லூசி வில்ஸ் அம்மையார்

நம் தமிழ் மருத்துவ நூலார் பாண்டு என்றும், நாட்டு மக்கள் சோகை என்றும் வெளுப்பு என்றும் கூறும் நோயை அறியாத சிற்றூர் தமிழகத்தில் இல்லை. முகம் வெளிறுதல், நகங்கள் நிறமிழத்தல், நாலடி நடப்பதற்குள் மூச்சிரைத்தல், செய்தொழிலில் மனஞ்செல்லாது சோர்தல் ஆகியன அந்நோயின் குறிகளாம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரைச் சூழ்ந்த நாட்டுப்புறங்களில் நாற்று நட்டும் களை பறித்தும் குடும்பங் காக்கும் மகளிருள் பலர் இந்நோயைச் சுமந்துகொண்டே நாள் கழிக்கின்றனர். அதனை ஒரு நோயென்றும் அவர்கள் எண்ணுவதில்லை. உடல்வாகு என்றும், பிள்ளை பெற்ற உடம்பு என்றும் சொல்லி அமைந்துவிடுவர். ஆயினும் கருவுற்ற காலத்தில் இச்சோகை முற்றுமாயின் தாய்க்கும் சேய்க்கும் உயிர்க்கே ஊறு நேரும்.

வெளுப்பு ஒன்றேயாயினும் அதன் காரணம் ஒன்றன்று. இரும்புச்சத்துக் குறைவினால் வருவது ஒருவகை. கீரை முதலியவற்றிலுள்ள ஓர் உயிர்ச்சத்துக் குறைவினால் வருவது மற்றொருவகை. இவையன்றி வேறு வகைகளும் உள. குறியை மட்டும் கண்டு மருந்து கொடுத்தல் இருளில் நின்று அம்பெய்தலை ஒக்கும். திருவள்ளுவர் மருந்தைப்பற்றிய அதிகாரத்தில் நோயின் முதலை ஆராய்ந்தறிதல் வேண்டுமென வற்புறுத்தியதும் இதுபற்றியே. அவ்வாராய்ச்சியை இந்திய நாட்டு ஏழைத் தாய்மாரின்பொருட்டு மேற்கொண்டு வெற்றிகண்டவர் ஆங்கில நாட்டு மாதரசியாகிய லூசி வில்ஸ் அம்மையார். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அம்மையார் 1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், பர்மிங்காம் நகரையடுத்த சட்டன் கோல்டுபீல்டு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாராகிய வில்லியம் லெனார்டு வில்ஸ் என்பவர் மான்செஸ்டர் நகரத்து ஓவன்ஸ் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று பட்டம் பெற்றவர். தாயாராகிய கெர்ட்ரூடு அம்மையார், பர்மிங்காமில் நன்கறியப்பட்ட மருத்துவரொருவரின் ஒரே மகளார்; ஆறு சகோதரரோடு பிறந்தவர். லூசி அம்மையாரின் கொள்ளுப்பாட்டனார் வழக்கறிஞராய் இருந்தும் வானிலையைப்பற்றி ஆராய்ந்து எழுதியவர். பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் பணிகளிலும் ஈடுபட்டவர். இங்ஙனம் தந்தைவழியில் ஆராய்ச்சியும் தாய்வழியில் மருத்துவமும் அம்மையார்க்குக் குடிச்செல்வமாய் வாய்த்தன.

1903ஆம் ஆண்டில் அம்மையார் செல்டனாம் மகளிர் கல்லூரியிற் சேர்க்கப்பெற்றார். பெண்களுக்குத் தையலும் இசையும் போதுமென்று பலர் கருதிய அந்நாளில், கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் செவ்வனே கற்பித்த பள்ளிகளுள் அஃது ஒன்றாகும். பின்னர் 1907இல் கேம்பிரிட்ஜ் சென்று நியூனம் கல்லூரியிற் சேர்ந்து தாவரநூலும் மண்ணியலும் பயின்று, 1911இல் இறுதித் தேர்விலும் தேறினார். ஆயினும் அவர்க்குப் பட்டம் கிடைத்திலது. பாடங் கேட்கவும் தேர்வெழுதவும் மகளிரை அனுமதித்த அப்பல்கலைக்கழகம் அவர்கட்குப் பட்டம் வழங்க மட்டும் இசையவில்லை. 1948ஆம் ஆண்டிலேதான் அந்நிலை மாறிற்று. கல்வியை அளித்துவிட்டு அதன் அடையாளத்தை மறுத்த அவ்வழக்கம் இன்று நமக்கு வியப்பை விளைக்கின்றது.

அம்மையார்க்கு இளமையிலேயே துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. பேரன்புடைய தந்தையார் 1911இல் இறந்தார். தமக்கையாராகிய ஈடித் 1913இல் தமது 26ஆம் வயதில் உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே தாயாரும் மகளாரும் உறவினரையும் நண்பரையும் காண இலங்கைக்குச் சென்றனர். 1914இல் அம்மையார் தம் இளைய சகோதரருடன் தென்னாப்பிரிக்காவிற்குச் சென்றிருந்தபொழுது முதல் உலகப்போர் மூண்டது. சகோதரர் படையிற் சேர்ந்தார். அம்மையார் கேப்டவுன் நகரத்து மருத்துவமனையொன்றிற் சில வாரங்கள் ஊதியமின்றிச் செவிலியர் பணிபுரிந்து, அவ்வாண்டின் இறுதியில் தாய்நாடு திரும்பினார். திரும்பிய மறுமாதமே, அதாவது 1915ஆம் ஆண்டு ஜனவரியில், இலண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் மாணவியாய்ச் சேர்ந்தார். செடிகொடிகளை ஆராய்ந்த அறிவு மாந்தர்தம் நோயை ஆராயத் திரும்பியது இங்ஙனமேயாம்.

அப்பள்ளிக்கும் நம் சென்னைக்கும் உள்ள தொடர்பை இவ்விடத்தில் கூறுதல் பொருந்தும். 1874இல் தோன்றிய அப்பள்ளி, பிரிட்டனில் மகளிரை மருத்துவராக்குதற்பொருட்டே நிறுவப்பட்ட முதற்பள்ளியாகும். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின் அப்பள்ளியிலும் கற்றுத் தேறிய மேரி ஷார்லீப் அம்மையாரே 1885இல் சென்னையில் கோஷாப் பெண்டிர்க்கெனத் தனி மருத்துவமனை தோன்றக் காரணமாயிருந்தவர். திருவல்லிக்கேணியில் மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று வழங்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவேயாம். லூசி அம்மையாரும் பிற்காலத்தில் அங்கு வந்து பணிபுரிய நேர்ந்ததைப் பின்னர்க் கூறுவோம்.

1920ஆம் ஆண்டில், தமது 32ஆம் வயதில், அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றார். நாடி பார்த்துப் பொருளீட்டும் வழியை அவர் விரும்பினாரல்லர். இலண்டனில் ராயல் பிரீ மருத்துவமனையில் கருவுற்ற மகளிரின் உடல்நிலையை ஆராயும் பகுதியில் அமர்ந்து, அவர்தம் இரத்தத்திலும் உடற்சத்துக்களிலும் உண்டாகும் மாறுதல்களைச் சில ஆண்டுகள் ஆராய்ந்து வந்தார். அப்பயிற்சியே அவரை நம் நாட்டிற்குக் கொணர்ந்தது.

அக்காலத்தில் இந்திய நாட்டில் மகப்பேற்றில் மாண்ட தாய்மாரின் தொகை மிகப் பெரிதாயிருந்தது. அதன் காரணத்தை ஆராய இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தார் ஒரு விசாரணையைத் தொடங்கினர். இந்தியாவில் நெடுங்காலம் மகளிர் மருத்துவத்தில் உழைத்த மார்கரெட் பால்பர் அம்மையார், லூசி வில்ஸ் அம்மையாரை அப்பணிக்கு அழைத்தார். அவ்வழைப்பை ஏற்று 1928இல், தமது 40ஆம் வயதில், அம்மையார் பம்பாய் வந்து ஹாப்கின் ஆராய்ச்சிக் கழகத்தில் அமர்ந்தார். இடையிடையே கோடைக்காலத்திற் சில திங்கள் தாய்நாடு சென்று வந்தாராயினும், 1933 வரை அவர்தம் உழைப்பு நம் நாட்டு ஏழைகட்கே உரியதாயிற்று.

பம்பாயில் அவர் கண்ட நோயாவது யாது? பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்டிர் கருவுற்றபொழுது கொடிய சோகைக்கு ஆளாயினர். இரும்புச்சத்துக் குறைவினால் வரும் சோகையில் இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிறுத்து நிறம் மங்கியிருக்கும். இப்பெண்டிரின் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபொழுதோ அணுக்கள் இயல்பினும் பெருத்தும், முதிராதும், எண்ணிக்கையிற் குறைந்தும் காணப்பட்டன. ஆகவே இரும்பு ஒன்றே இதற்கு மருந்தாகாதென்பது தெளிவாயிற்று.

பெரிய அணுக்களையுடைய மற்றொரு சோகையும் மேனாட்டு மருத்துவர் முன்னரே அறிந்ததாகும். உயிர்கொல்லிச் சோகை என்னும் பொருள்படும் பெயரினையுடைய அந்நோய்க்கு ஈரலை உணவாக ஊட்டுதலே மருந்தென்று 1926இல் அமெரிக்க மருத்துவராகிய மைனாட், மர்பி என்னும் இருவர் வெளியிட்டிருந்தனர். பம்பாய்ப் பெண்டிரின் நோயும் அதுவேயோ எனின், அன்று. அந்நோயாளர்க்கு இரைப்பையிற் புளிப்புநீர் சுரப்பதில்லை, இவர்கட்கோ சுரந்தது. அதனினும் வியப்பானது மற்றொன்று. தூய்மைப்படுத்தாத ஈரற்சாற்றினால் இப்பெண்டிர் குணமடைந்தனர். மிகத் தூய்மைப்படுத்திய ஈரற்சாறோ, உயிர்கொல்லிச் சோகையைத் தீர்க்கும் ஆற்றலுடையதாயிருந்தும், இவர்கட்குப் பயன்படவில்லை. எனவே, தூய்மைப்படுத்தும்பொழுது கழிந்துபோகும் ஏதோ ஒரு பொருள் இந்நோய்க்கு மருந்தாதல் வேண்டும் என்று அம்மையார் துணிந்தார். கழித்ததில் மருந்தைத் தேடிய இத்துணிவே அவர்தம் புகழுக்கு வித்தாயிற்று.

அம்மையார் நோயாளரின் உணவையும் விசாரித்தறிந்தார். பல வகுப்புப் பெண்டிரின் உணவை ஒப்புநோக்கியபொழுது, பழமும் காய்கறியும் புரதமும் குறைந்த உணவையுண்ட ஏழை முஸ்லிம் பெண்டிர்க்கே இந்நோய் மிகுதியாய் வருதலைக் கண்டார். அவ்வுணவையே வெள்ளெலிகட்கு ஊட்டினார். எலிகளும் சோகையுற்றுக் குட்டி ஈனுமுன்பே மாண்டன. அவ்வுணவோடு ஈஸ்டு என்னும் நொதிப்பூஞ்சையைச் சேர்த்தபொழுது நோய் தடைப்பட்டது. ஆயினும் எலிகளுக்குப் பேன்வழிப் பரவிய ஒரு தொற்றும் சோகையை விளைத்தமையால் உண்மை கலங்கித் தோன்றிற்று. கலங்கிய சான்றை அவர் சான்றாகக் கொண்டாரல்லர். எலிகளை விடுத்துக் குரங்குகளை வைத்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மேத்தா, தல்பாடே, பிலிமோரியா முதலிய இந்திய ஆராய்ச்சியாளர் இப்பணியில் அவர்க்குத் துணைநின்று, அவருடன் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் வெளியிட்டனர்.

இவ்வாராய்ச்சியின் ஒருபகுதி நம் தமிழ்நாட்டிலேயே நடைபெற்றது என்பது நாம் மகிழத்தக்கதாகும். 1929ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அம்மையார் நீலகிரியிலுள்ள குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் தங்கி ஆராய்ந்தார். அங்கே இராபர்ட் மக்காரிசன் என்னும் பேரறிஞர் இந்திய மக்களின் உணவையும் நோயையும் பற்றிய ஆராய்ச்சிக் கூடத்தை நடத்திவந்தார். 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது அக்கூடமேயாம். 1931இன் தொடக்கத்தில் அம்மையார் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். தம் பள்ளியின் முன்னோர் ஒருவர் விதைத்த விளைநிலத்தில் தாமும் ஓர் ஏர் உழுதார் எனலாம்.

மிக நலிந்த குரங்கொன்றிற்கு அம்மையார் மார்மைட் என்னும் ஈஸ்டுச் சாற்றைக் கொடுத்தபொழுது அது வியக்கத்தக்க வகையிற் குணமடைந்தது. மார்மைட் என்பது அரும்பொருளன்று. மதுவடிசாலைகளில் மிஞ்சும் ஈஸ்டினாற் செய்து, ஆங்கிலேயர் ரொட்டியில் தடவி உண்ணும் மலிவான பண்டம். அதனையே சோகையுற்ற கருப்பிணிகட்குக் கொடுத்தார். சில நாட்களில் இரத்தத்திற் புதிய அணுக்கள் தோன்றின, பசி மீண்டது, வெளுப்பு நீங்கிற்று. இச்செய்தி 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. விலையுயர்ந்த ஈரற்சாறு வாங்கவியலாத ஏழைக்கும், புலாலுண்ணாத குடும்பத்துக்கும் ஏற்ற மருந்து கிடைத்தது. எளியார்க்கு வந்த நோய்க்கு எளியார்க்கு எட்டும் பொருளிலேயே மருந்து வைத்த இறைவனது பேரருள்தான் என்னே!

ஈஸ்டிலும் ஈரலிலும் மறைந்திருந்த அப்பொருள் இன்னதென்று அன்று எவரும் அறியார். ஆகவே அதனை வில்ஸ் காரணி என்றே அறிஞர் வழங்கினர். 1941இல் அமெரிக்க நாட்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 4 டன் அளவான கீரையைப் பிழிந்து அச்சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945இல் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் அதனைச் செயற்கையாகச் செய்யும் முறை கண்டறியப்பட்டது. அக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராய் விளங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவரும், பீமவரத்திற் பிறந்தவருமாகிய எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். இந்தியத் தாய்மாரின் நோயிலிருந்து தொடங்கிய தேடல் ஓர் இந்தியரின் தலைமையில் நிறைவெய்தியது. இலைகளை ஆராயும் மாணவியாகக் கல்வியைத் தொடங்கிய அம்மையாரின் உழைப்பு, முடிவில் இலையின் பெயராலேயே வழங்கலாயிற்று. கருத்தரிக்குமுன்பே இச்சத்தை உட்கொள்வதனால் குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகள் பெரிதும் தடுக்கப்படும் என்பதும் 1991இல் நிலைநாட்டப்பட்டது.

1933இல் அம்மையார் ராயல் பிரீ மருத்துவமனைக்கு மீண்டார். 1937 நவம்பரில் கடல்விமானத்தில் ஏறிப் பம்பாய்க்கு வந்து, இன்னும் பத்து வாரம் ஆராய்ந்து சென்றார். இரண்டாம் உலகப்போரில் இலண்டன்மீது குண்டுகள் பொழிந்த நாட்களிலும் நோய்க்குறி ஆராய்ச்சியாளராக மருத்துவமனையில் நின்று கடமையாற்றினார். போர் முடிந்தபொழுது அம்மருத்துவமனையின் நோய்க்குறியாராய்ச்சிப் பகுதிக்கு அவரே தலைவர். அங்கே இரத்தவியலுக்கெனத் தனித்துறையையும் நிறுவினார். உணவுப் பங்கீட்டினாலும், இரும்பு மருந்தை வழக்கமாகக் கொடுப்பதனாலும் கருப்பிணிகளின் ஹீமோகுளோபின் அளவு எங்ஙனம் மாறுகின்றது என்பதையும் துணைவர் சிலருடன் ஆராய்ந்து 1947இல் வெளியிட்டார். இரும்பல்லாத சோகையைக் கண்டுபிடித்தவர் இரும்பையும் புறக்கணித்தாரல்லர் என்பது இதனால் விளங்கும்.

பணியினின்று ஓய்வுபெற்ற பின்னும் அம்மையார் ஓய்ந்திருக்கவில்லை. ஜமைக்கா, பிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகட்குச் சென்று மக்களின் உணவையும் சோகையையும் ஆராய்ந்தார். வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகளில் செல்சி நகரசபையில் தொழிற்கட்சி உறுப்பினராயிருந்தார். அவர் மணம்புரிந்துகொள்ளவில்லை. மருத்துவமனைக்கு மிதிவண்டியிற் செல்வதும், மலைகளில் நடப்பதும், பனியிற் சறுக்கிச் செல்வதும் அவர்க்கு விருப்பமானவை. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தமது 75ஆம் வயதில், அம்மையார் உலக வாழ்வை நீத்தார்.

நிற்க. அம்மையார் எழுப்பிய வினா அவரோடு மறையவில்லை. இச்சோகை எவ்வகையது என்பதே அவ்வினா. அவர் காலத்தில் அதற்கு விடை கூறியவை நுண்ணோக்கியும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த பொறுமையுமேயாம். உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் உள்ளது என்பதைச் சிறிது இரத்தத்தினின்றும் அளந்துகூறும் கருவி அன்று இல்லை. அக்கருவி பிறந்த வரலாற்றையும் சிறிது கூறுவோம்.

1937இல், அம்மையார் கடைசியாகப் பம்பாய்க்கு வந்த அதே ஆண்டில், செக் நாட்டு அறிஞராகிய லாபர்கர் குதிரையின் மண்ணீரலினின்றும் இரும்பு நிறைந்த ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து ஃபெரிட்டின் எனப் பெயரிட்டார். 24 சிறு கூறுகள் இணைந்து உள்ளே வெற்றிடமுடைய செப்புப்போல் அமைந்தது அப்புரதம். ஒரு செப்பினுள் ஏறத்தாழ 4,500 இரும்பணுக்கள் வரை அடங்கும். நம் உடல் தனக்கு வேண்டிய இரும்பை இச்செப்புக்களிலேயே சேர்த்துவைக்கின்றது. அவற்றுள் மிகச் சிறுபகுதி இரத்தத்திலும் கலந்து ஓடும். இரத்தத்தில் ஓடும் அளவு, சேமிப்பின் அளவையொட்டி ஏறவும் இறங்கவும் செய்யும்.

உத்திரமேரூர் நாட்டார்க்கு இதனை விளக்க அவ்வூர்ப் பெரிய ஏரியினும் சிறந்த உவமை வேண்டா. ஏரியில் நீர் நாளுக்குநாள் குறைந்துவரினும், மதகின்வழி நீர் பாயுமட்டும் வயல் பசுமையாகவே தோன்றும். பயிர் வாடிய பிறகே ஏரியைப் போய்ப் பார்ப்பவன் நல்ல உழவனல்லன். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் வயற்பயிர் போன்றது. ஃபெரிட்டின் ஏரிநீர் போன்றது. ஹீமோகுளோபின் குறையுமுன்பே ஃபெரிட்டின் குறைந்துவிடும். மேலும், ஏரி நிறைந்திருக்கவும் பயிர் வாடுவதுண்டு. அப்பொழுது குறை நீரில் இல்லை, எருவிலோ வேறொன்றிலோ உளது என்று உழவன் அறிவான். அதுபோலச் சோகையுற்ற ஒருத்திக்கு ஃபெரிட்டின் நிறைந்திருப்பின், அவள் வாட்டத்திற்குக் காரணம் இரும்பன்று என எண்ணி வேறிடத்திற் தேடுதல் வேண்டும். அம்மையார் பம்பாயிற் செய்தது அத்தேடலேயன்றோ?

ஆயினும் இரத்தத்திலுள்ள ஃபெரிட்டின் மிக மிக நுண்ணியது. ஒரு கிராமைப் பத்துலட்சம் பங்கிட்டால் ஒருபங்கு ஒரு மைக்ரோகிராம் ஆகும். ஒரு லிட்டர் இரத்தத் தெளிநீரில் இத்தகைய மைக்ரோகிராம்கள் சிலவும் பலவுமாகவே அப்புரதம் இருக்கும். இதனைத் துலாக்கோலில் நிறுத்தல் இயலாது. 1959ஆம் ஆண்டையொட்டி நியூயார்க் நகரில் ரோசலின் யாலோ அம்மையாரும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளப்பதற்குக் கண்ட முறையே இதற்கு வழிகாட்டிற்று. ஒரு பொருளை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தராசாகக் கொள்வதே அம்முறையின் உயிர்நிலை. அதற்காக யாலோ அம்மையார் 1977இல் நோபல் பரிசு பெற்றார்; 1972இலேயே காலமாகிவிட்ட பெர்சன் அப்பேற்றைக் காணவில்லை. அந்த 1972ஆம் ஆண்டில்தான் கார்டிப் நகரத்து ஆராய்ச்சியாளர் இம்முறையைத் தழுவி இரத்தத் தெளிநீரில் ஃபெரிட்டினை அளந்து காட்டினர். கதிரியக்கப் பொருளுக்கு மாறாக நொதியை அடையாளமாகக் கொள்ளும் எலைசா என்னும் முறை 1971இல் தோன்றிற்று.

அது நடைபெறும் வகையைக் கூறுவோம். பல்லாங்குழிப் பலகைபோல 96 சிறு குழிகளையுடைய தட்டொன்று உண்டு. ஃபெரிட்டினை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை அக்குழிகளின் அடியிற் படியவைத்திருப்பர். இரத்தத்தை உறையவிட்டுத் தெளிந்த நீரில் சில துளிகளை ஒரு குழியில் இடுவர். அந்நீரிலுள்ள ஃபெரிட்டின் முழுவதும் எதிர்ப்பொருளிற் சிக்கி நிற்க, ஏனையவற்றைக் கழுவிவிடுவர். பின்னர், நொதியைச் சுமந்த இரண்டாவது எதிர்ப்பொருளை இடுவர். அது சிக்கிநிற்கும் ஃபெரிட்டினை மேலிருந்து பற்றும். பற்றாது மிஞ்சியதை மீண்டும் கழுவிவிட்டு, நிறமற்ற ஒரு நீர்மத்தைச் சேர்ப்பர். நொதி அதனை நீலமாக்கும். அமிலத்துளி விட்டவுடன் அந்நீலம் மஞ்சளாகி நின்றுவிடும். ஃபெரிட்டின் மிகுந்த குழியில் நிறம் அடர்ந்தும், குறைந்த குழியில் வெளிறியும் காணப்படும். அளவு தெரிந்த ஃபெரிட்டினை இட்ட குழிகளின் நிறத்தோடு ஒளிமானியால் ஒப்பிட்டு, நோயாளரின் அளவைக் கணிப்பர். கழுவுதலிற் சோம்பினால் கணக்குப் பிழைக்கும். தூய்மையே அச்சோதனையின் முதல் ஒழுக்கம்.

நலமுடைய வளர்ந்தவர்க்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் குறையின் இரும்புக்குறைவு உளதென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்துள்ளது. ஆயினும் காய்ச்சலும் அழற்சியும் உள்ளபொழுது, சேமிப்புக் குறைந்திருந்தும் ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும். புயற்காற்றில் எழும் அலை ஏரியின் அளவுகல்லில் மேற்கோட்டை நனைப்பதைக் கண்டு ஏரி நிரம்பிற்றென்று எண்ணுதல் பேதைமையன்றோ? ஆகவே அத்தகையோர்க்கு 70 மைக்ரோகிராமை எல்லையாகக் கொள்ளுமாறு அந்நிறுவனம் கூறுகின்றது. கருவி சிறந்ததாயினும் அதன் சொல்லை ஆராய்ந்து கொள்ளும் அறிவு மருத்துவர்க்கு வேண்டும்.

இவையெல்லாம் நாட்டுப்புறத்துப் பெண்ணொருத்திக்கு எங்ஙனம் பயன்படும் என்று கேட்பாருமுளர். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிரில் 100க்கு 53க்கு மேற்பட்டோர் சோகையுற்றவர். 2016 முதல் 2018 வரை இந்தியச் சிறுவர்களிடையே நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் ஃபெரிட்டினும் அளக்கப்பட்டது. 10 முதல் 19 வயதினருள் இரும்புக் குறைந்தோர் 100க்கு 22 பேர். ஃபோலிக் அமிலச்சத்துக் குறைந்தோர் 37 பேர். பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தோர் 31 பேர். இரும்பு ஒன்றையே சோகையின் காரணமாகக் கருதுதல் பொருந்தாது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. அம்மையார் பம்பாயிற் சொல்லிய உண்மை, ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்தும் நம் இளைஞரின் இரத்தத்தில் எழுதப்பட்டுள்ளது.

அரசினர் கருப்பிணிகட்கு வழங்கும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நம் சிற்றூர்த் தாய்மார் பலர் குமட்டுகிறதென்றும் குழந்தை கறுக்குமென்றும் அஞ்சி ஒதுக்கிவைக்கும் அச்சிறு மாத்திரையில் லூசி அம்மையாரின் ஆயுளே அடங்கியுள்ளது. குழந்தை கறுக்கும் என்பது வீண் அச்சமென்று எடுத்துரைத்து, அதனை உண்ணச் செய்தல் முதற்கடமை. உண்டும் வெளுப்பு நீங்காதாரை, நீ ஒழுங்காய் உண்டிலை என்று கடிந்து அனுப்பிவிடாமல், அவர்தம் சோகை எவ்வகையதென்று ஆராய்தல் அடுத்த கடமை. வெறுங்காலோடு வயலில் உழல்வார்க்குக் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சலாம். மாதந்தோறும் மிகும் உதிரப்போக்கினால் இரும்பு கழியலாம். பரம்பரையாய் வந்த இரத்தக் குறையும் இருக்கலாம். ஊர்தோறும் உள்ள சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பது வழக்கமாயுள்ளது. ஃபெரிட்டின் சோதனையோ பெரும்பாலும் நகரங்களையே நாடி நிற்கின்றது. வேண்டியவர்க்கு அதுவும் எட்டுமாறு செய்தல் வேண்டும்.

பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்க் கோயிற்சுவரிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையைக் கூறுவன. ஏரியைக் காக்கத் தனியே ஏரிவாரியம் அமைத்து, வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதாரை மீண்டும் அப்பதவிக்குக் கொள்ளாது விலக்கிய பெருமை அவ்வூர்ச் சபையார்க்கு உண்டு. ஏரிநீருக்கு அத்துணைக் கணக்குக் கேட்ட நாட்டில், தாய்மாரின் இரத்தத்திற்குக் கணக்குக் கேட்பாரின்றி இருத்தல் தகுமோ?

சுவிசேஷத்தில், 12 ஆண்டு உதிரப்போக்கினால் வருந்தி, கைப்பொருளையெல்லாம் மருத்துவரிடம் செலவிட்டும் குணங்காணாத பெண்ணொருத்தியின் வரலாற்றைப் படிக்கின்றோம். நெருக்கும் கூட்டத்தின் நடுவே தம் ஆடையைத் தொட்ட அவள் ஒருத்தியை நம் ஆண்டவர் தனியே நோக்கி நலஞ்செய்தார். கூட்டத்தைக் கூட்டமாகவே காண்பார்க்கு அவளது நோய் தெரிந்திராது. பம்பாயிலும் சென்னையிலும் ஆயிரவர் முகங்களில் ஒரேபடியாய்த் தோன்றிய வெளுப்பைக் கண்டு, ஒவ்வொருத்தியின் குறை யாதென்று கேட்ட லூசி வில்ஸ் அம்மையாரின் அன்பும் அத்தகையதே. மருத்துவராகப் போகும் மாணவரும், ஆசிரியராகவும் குருமாராகவும் சிற்றூர்களிற் பணிபுரியப் போகும் நம்மவரும் அவ்வினாவை மறவாதிருப்போமாக.